யோகலிங்கத்தின் கார் பழுதாகாது

தண்ணீரூற்று என்ற ஊரில் யோகலிங்கத்திடம் வாடகைக் காருக்கு ஹயர் பேசப் போகிறவர்கள் எதையும் கேட்கலாம். நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒன்பது பேரையும் ஒரு கிடாய் ஆட்டையும் ஏற்றச் சொல்லலாம், கோயில் வாசலில் அரை நாள் காக்க வைக்கலாம், மனுசன் முகம் கோணமாட்டார். "இடையிலை பழுதாகாதோ அண்ணை?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், திறந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, அதன் மேல் ஒருக்கால் கையையும் தடவிவிட்டுச் சொல்லுவார்:

"என்ர கார் பழுதாகாது. இடைக்கிடை களைக்கும். களைச்சால் ஆறும். ஆறினால் ஓடும்."

களைப்பு என்ற அந்தச் சொல் மண்ணெண்ணெய்க் காலத்தில் பிறந்தது. சண்டையால் பாதை பூட்டியிருந்த வருசங்களில் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிற சாமான். காரை எழுப்புவதற்கு மட்டும் நாலு சொட்டு. எழும்பினால் மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெய். அவரிடம் அப்போது இருந்தது அவரை விட வயது கூடின ஒரு கறுப்புச் சீமைக் கார். எட்டு மைலுக்கு ஒரு தரம் அது நிற்கும். நின்ற ஒவ்வொரு தரத்தையும் பழுது என்று கணக்கெடுத்தால் முழு வன்னியிலும் பழுதாகாத வாகனம் மாட்டு வண்டில் ஒன்றுதான் என்று ஆகிவிடும். ஆகவே ஓட்டுநர்மார் தங்களுக்குள் ஒரு பிரிவினை வைத்துக்கொண்டார்கள். சவர்க்காரக் கட்டி, கொண்டை ஊசி, சணல் கயிறு, சைக்கிள் ரியூப், இவற்றில் ஏதாவது ஒன்றால் எழுப்பக்கூடியது எல்லாம் களைப்பு. எதனாலும் எழுப்ப முடியாதது பழுது. அந்தக் கடைசிச் சொல்லைச் செத்தவீட்டுக்குச் சொல்லுகிற குரலில்தான் சொல்லுவார்கள். இருபத்திரண்டு வருச ஓட்டத்தில் யோகலிங்கத்தின் வாயில் தன் கார் பழுது என்று ஒருக்காலும் வந்ததில்லை.

அந்தக் கறுப்புக் காரைப் பற்றி ஊரில் கதைக்கிறதை எல்லாம் நம்பலாம். மண்ணெண்ணெயும் கிடைக்காத ஒரு மாசி மாசத்தில் தேங்காயெண்ணெயில் ஓடியதாம். புகையில் பலகார வாசம் வந்து, முள்ளியவளை வரை சனம் தட்டோடு பின்னால் வந்ததாம். ஒட்டுசுட்டான் காட்டில் களைத்து நின்றபோது ஒரு கொம்பன் யானை முதுகு சொறிவதற்குச் சாய்ந்ததாம். சாய்ந்த சாய்வில் கார் உருண்டு, என்ஜின் பிடித்து, யானை வெட்கப்பட்டு நின்றதாம். "நான் கையெடுத்துக் கும்பிட்டனான், அது தும்பிக்கையைத் தூக்கி, போயிட்டு வா எண்டது," என்று யோகலிங்கம் சொல்லும்போது அவர் மனைவி விமலேஸ்வரி குசினிக்குள் நின்று, "கதை பழுது. போன முறை சொல்லேக்கை அது பெண் யானை," என்பாள்.

சமாதானம் வந்து பாதை திறந்த அடுத்த வருசம் கறுப்புக் கார் ஒரேயடியாக எழும்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் முருங்கை மரத்துக்குக் கீழ் தள்ளிவிட்டு, "நித்திரை கொள்ளுது," என்றார். அந்த வருசமே வவுனியாவில் ஒரு நீலக் கார் வாங்கினார். ஜப்பான் கார், பதினாலு வயது, நாலு கை மாறினது. என்றாலும் ஓடுகிற சத்தமே கேட்காது. கிறவல் றோட்டில் கூட, தண்ணீரில் விட்ட தாமரை இலை போலப் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹயர் இல்லாத பின்னேரம் விமலேஸ்வரியை முன் சீற்றில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கடற்கரை வரை போவார். அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வெய்யிலும் மர நிழலும் மாறி மாறி இமைக்கு மேல் ஓடும். ஒரு தரம், கார் நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பிப் பனை வட்டுக்கு நேரே போவதாகவே அவளுக்கு இருந்தது. கீழே வயல்கள் பச்சைச் சீலைகள் காயப் போட்ட மாதிரி. கண்ணைத் திறந்தால் பூமி வந்துவிடும் என்று திறக்காமலே இருந்தாள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தலையில் சட்டி பானையோடு நடந்த தூரமெல்லாம் அந்தச் சீற்றில் இருந்து ஒவ்வொரு மைலாகக் கழிந்துபோவது போல ஒரு சுகம். இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. யோகலிங்கமும் கேட்டதில்லை. அவள் கண்ணை மூடினால் வேகத்தைக் குறைத்துவிடுவார், அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது மஹ்றூப் வந்தார். யோகலிங்கத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில் பன்னிரண்டு வருசம் இருந்துவிட்டு, பாதை திறந்ததும் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்து தகப்பனின் வளவில் கொட்டில் போட்டிருந்தார். வவுனியாவில் கந்தோர் வைத்திருந்த ஒரு காப்புறுதிக் கொம்பனிக்கு ஆள் பிடிக்கிற வேலை. கக்கத்தில் தோல் பை.

"மச்சான், கார் மோதினால் குடுக்கிற காப்புறுதி வேற," என்றார் மஹ்றூப், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு. "இது புதுசு. மோதவே தேவையில்லை. சும்மா ஓடிக்கொண்டிருக்கேக்கை உள்ளுக்குள்ள ஏதும் உடைஞ்சால், கொம்பனி திருத்தித் தரும். பழைய கார் வச்சிருக்கிறவனுக்கு எண்டே செஞ்சது."

"பழைய கார் வச்சிருக்கிறவனிட்டைப் போய்ச் சொல்லு."

"பதினாலு வயசு கார் உனக்குக் கைக்குழந்தையோ?"

"கோடிக்குள்ளை நிக்கிறவரோடை பாத்தால் குழந்தைதான். அதோடை, எனக்கு ஏன் காப்புறுதி? இந்த ஊரிலை ஒரு காருக்கு ஒண்டு களைச்சால் இன்னொரு காரிலை கழட்டிப் பூட்டுறம். கோடிக்குள்ளை நிக்கிறாரே, அவர்தான் என்ர காப்புறுதி."

"அவரின்ர கியர் பொக்ஸ் இதுக்குப் பூட்டுமோ?"

பூட்டாது. கறுப்புக் காருக்கு வன்னி முழுக்கச் சொந்தக்காரர் இருந்தார்கள். பரந்தனில் ஒரு அச்சு, மாங்குளத்தில் ஒரு றேடியேற்றர், கிணற்றடியில் ஒரு கதவு என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு துண்டு கிடந்தது. நீலக் காருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சொந்தமும் இல்லை. அதன் ஒரு ஆணி வேண்டுமென்றாலும் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

விமலேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பத்திரத்தை வாங்கினாள். உயர்தரம் வரை படித்தவள். வீட்டுக்கு வருகிற கடதாசி எல்லாம் அவள்தான் வாசிப்பாள். முன் பக்கத்தைப் பத்து நிமிசம், பின் பக்கத்துச் சின்ன எழுத்தை அரை மணித்தியாலம் வாசித்தாள். மஹ்றூப் இரண்டாம் தேத்தண்ணியும் குடித்து முடித்தார்.

"என்ஜினுக்கும் கியர் பொக்ஸுக்கும் உள்ளுக்கு உடையிறதுக்குத் தருவினம். ரயர், கிளச், பிறேக் சப்பாத்து, இதுகளுக்கு இல்லை. தேய்மானத்துக்கும் இல்லை," என்று மடித்துச் சொன்னாள். "ஒயில் மாத்தின பில் துண்டுகள் காட்டவேணும். சின்னத்துக்கு நாங்கள் பாப்பம். பெரிசு உடைஞ்சால் எங்களாலை ஏலாது. இவர் இந்தக் காருக்கு வாங்கின கடன் தீர இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. போடுவம் அண்ணை."

"தங்கச்சிக்கு விளங்குது, இவனுக்கு விளங்குதில்லை," என்றார் மஹ்றூப்.

பத்திரத்தில் பழுது என்ற அந்தச் சொல் பதினேழு இடத்தில் இருந்தது. யோகலிங்கம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். கோடு விட்டுக் கோடு ஏறிய அந்தக் கையெழுத்தை வவுனியாக் கந்தோரில் இரண்டு பேர் சரித்துப் பார்த்தார்களாம்.

ஏழு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் மாசம், மஹ்றூப்பையே ஏற்றிக்கொண்டு மாங்குளத்திலிருந்து வருகிற வழியில், ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம், காருக்கு அடியில் ஆரோ பெரிய கல்லுப் பாக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு என்ஜின் பாடுகிறது, சில்லு சுற்றவில்லை. கார் மெல்ல மெல்லப் போய் ஒரு பாலை மரத்தின் நிழலைத் தேடி எடுத்து நின்றது.

யோகலிங்கம் இறங்கிச் சாரத்தைத் தூக்கிக் கட்டினார். "களைச்சுப் போச்சு," என்றார்.

"டேய், என்ன களைப்படா? பல்லு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டது!"

"சத்தமாய்க் கதையாதை." அவர் பொனற்றுக்கு மேல் கையை வைத்தபடி குரலைத் தாழ்த்தினார். "கேட்டுக்கொண்டு நிக்குது."

"ஆரு?"

யோகலிங்கம் கண்ணால் காரைக் காட்டினார். மஹ்றூப் தோல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் குந்திவிட்டார்.

கொண்டை ஊசிக்கும் அது அசையவில்லை, கயிற்றுக்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு உழவு மெசினில் கட்டி இழுத்து வந்தார்கள். யோகலிங்கம் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தார். முன் வீட்டு ராக்காயி படலையில் நின்று பார்த்துவிட்டு, "என்னாங்கண்ணே, உழவு மெசினு வாங்கியிருக்கீங்களா? பின்னால காரு இலவசமா?" என்றாள்.

அன்றிலிருந்து கார் முற்றத்தில் நின்றது. ஹயருக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கிழமைக்கு ஒரு பகுதியாய் அடைத்த கடன் அசையாமல் நின்றது. நாலு மாசம் தொடர்ந்து கட்டாவிட்டால் கடனுக்குக் காரைத் தந்தவர் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம், அது ஒப்பந்தத்தில் எழுதின கதை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் விமலேஸ்வரி முற்றத்தைக் கூட்டினாள், காரைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள், கூட்டின இடத்தையே கூட்டினாள்.

கொம்பனிக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் சொல்ல அவள் எழுதினாள்.

"எமது கார் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் களைத்துவிட்டது."

பேனை நின்றது. "இஞ்சேருங்கோ, அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ. அதுக்குத்தானே காசு கட்டினது."

"நான் சொன்னதை எழுதும்."

எழுதினாள். முத்து முத்தான எழுத்து. மூன்று கிழமையில் மறுமொழி வந்தது. தங்கள் வாகனம் களைப்புற்றதாகத் தெரிவித்துள்ளீர்கள், களைப்பு என்பது நீண்ட பாவனையால் ஏற்படும் தளர்ச்சி, அது தேய்மானத்தில் அடங்கும், தேய்மானத்துக்கு நட்டஈடு இல்லை. இதில் உடன்பாடு இல்லையெனில் மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்.

மஹ்றூப் கடிதத்தை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பன்னிரண்டு வருசம் நான் இஞ்சை இல்லாமல் போனதாலை எனக்கு இந்த வியாதி தொத்தேல்லை. மச்சான், அங்கால கார் நிண்டால் பழுது எண்டுதான் சொல்லுவாங்க. அது ஒரு சாதாரணச் சொல். பால் பழுது, தேங்காய் பழுது எண்டு சொல்லுறதில்லையா?"

"தேங்காய்க்குச் சொல்லுவன்."

"நான் பக்கத்திலை இருந்தனான் எண்டு சாட்சி சொல்லவும் ஏலாது. ஆள் பிடிக்கிறவன்ர சாட்சி செல்லாதாம். உன்ர வாயாலைதான் வரவேணும். ஒரு சொல்லு!"

அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று யோகலிங்கத்துக்கு ஒரு நினைப்பு. கறுப்புக் காரில் எத்தனை பேரை ஏற்றினார்! செல் குண்டுகள் விழுகிற நாட்களில், பிள்ளை வயிற்றில் வழிமாறிக் கிடந்த பெண்களை, காய்ச்சலில் பிதற்றுகிறவர்களை. நடுக்காட்டில் நின்றபோதெல்லாம் பின் சீற்றில் இருந்து ஒரு பயந்த குரல் கேட்கும். "பழுதோ அண்ணை?" இல்லை அம்மா, களைச்சுப் போச்சு, இப்ப எழும்பும். எழும்பியது. ஒவ்வொரு தரமும் எழும்பியது. பழுது என்று ஒருக்கால் சொல்லியிருந்தால் எழும்பியிருக்குமா? இதை மஹ்றூப்புக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கொம்பனிக்கு எப்படி எழுதுவது?

மதிப்பீட்டாளர் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். கோகுலன் என்று பெயர், முப்பது வயது இருக்கும், வவுனியாக்காரர், வெள்ளைச் சேட்டு, மோட்டார் சைக்கிள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பாதை பூட்டுவதற்கு முதல் திரும்ப வேண்டும் என்று வந்ததும் வராததுமாய்ச் சொன்னார். ஒயில் மாத்தின பில் துண்டுகளைக் கேட்டார். விமலேஸ்வரி அலுமாரியிலிருந்து திகதிப்படி அடுக்கி எடுத்துக் கொடுத்தாள். அவருக்குச் சந்தோசம். சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தார். கியர் பொக்ஸின் ஒயிலை ஒரு தாச்சியில் வடித்தார். கறுத்த ஒயிலோடு 'டங்' என்று ஒரு துண்டு விழுந்தது.

துடைத்துக் காட்டினார். உருக்குப் பல். பளிச்சென்று உடைந்த வாய்.

"பாருங்கோ ஐயா. தேஞ்சது எண்டால் மழுங்கியிருக்கும். இது ஒரேயடியாய் முறிஞ்சிருக்கு. கட்டாயம் தரவேண்டிய கேஸ்." ஒரு கடதாசியை எடுத்தார். "கடிதத்திலை களைப்பு எண்டு எழுதிப் போட்டியள். அதை மாத்த, வாகனம் பழுதடைந்தது எண்டு உரிமையாளர் தன்ர வாயாலை சொன்னதாய் நான் எழுதவேணும். சொல்லுங்கோ, எழுதிறன்."

யோகலிங்கம் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பால்பல்லு மாதிரிக் கிடக்கு. பல்லு விழுந்தால் ஆள் செத்துப் போறதோ, தம்பி?"

"ஐயா, நான் செத்தது எண்டு கேக்கேல்லை."

"நீங்களே கண்ணாலை பாத்தியள். பாத்ததை எழுதுங்கோவன்."

"நான் பாத்ததும் நீங்கள் சொல்லுறதும் ஒண்டாய் இருக்கோணும். கந்தோர் விதி அது. பொய் சொல்லச் சொல்லேல்லை, உண்மையைத்தானே கேக்கிறன்."

"அல்லாவுக்காக வாயைத் திறடா," என்றார் வேலியோரம் நின்ற மஹ்றூப்.

வெய்யில் சாயத் தொடங்கியது. கோகுலன் மணிக்கூட்டைப் பார்த்தார், கொடியில் கிடந்த சேட்டைப் பார்த்தார்.

விமலேஸ்வரி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, காரின் முன் கதவைத் திறந்து, தன் இடத்தில் இருந்தாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். கார் அசையவில்லை. மாமர நிழல் மட்டும் காற்றுக்கு அவள் முகத்தின் மேல் போய்ப் போய் வந்தது. நின்ற காரிலேயே அவள் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது யோகலிங்கத்துக்குத் தெரிந்தது. வேகத்தைக் குறைக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

சட்டென்று கோகுலனின் முழங்கையைப் பிடித்தார். "வாங்கோ தம்பி."

"எங்கை ஐயா?"

"கொஞ்சம் அங்கால."

கிணற்றடிக்குப் போனார்கள். கோகுலன் கடதாசியை விரித்தார். யோகலிங்கம் திரும்பிப் பார்த்தார். நீலம் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம்." வாழைகளைத் தாண்டினார்கள். "இன்னும்." வேலியில் ஆள் நுழைய விட்ட பொட்டுக்குள்ளால் புகுந்து, அந்தப் பக்கம் வயல் வரம்பில் நடந்தார்கள். நெல் பால் பிடிக்கிற பருவம், வயல் முழுக்க ஒரு இனிப்பு மணம். கொக்குகள் எழும்பி அந்தரத்தில் நின்று, இவர்கள் என்ன கதைக்கப் போகிறார்கள் என்று கேட்பது போல ஒரு வட்டம் சுற்றின. கடைசி வரம்பில், வாய்க்கால் தண்ணீர் சளசளவென்று விழுகிற இடத்தில் யோகலிங்கம் நின்றார். வேட்டைக்குப் போனவன் மாதிரிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஈர விரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து கோகுலனின் காதுக்குள் சொன்னார்.

"கேக்கேல்லை ஐயா, தண்ணிச் சத்தம்."

யோகலிங்கம் கண்ணை இறுக்கி மூடினார்.

"பழுது."

கோகுலன் எழுதினார். வரம்பில் குந்தி, முழங்காலில் கடதாசியை வைத்து எழுதினார். கையெழுத்துக்குப் பேனையை நீட்டினார். இந்த முறை கையெழுத்துக் கோட்டிலேயே இருந்தது. யோகலிங்கம் வாய்க்காலில் இறங்கி மூன்று தரம் வாய் கொப்பளித்தார்.

திரும்பி வந்தபோது விமலேஸ்வரி காரை விட்டு இறங்கியிருந்தாள். "என்னத்தைக் கதைச்சனீங்கள் அவ்வளவு தூரம் போய்?"

"தம்பி வயலைப் பற்றிக் கேட்டவர்," என்றார் யோகலிங்கம், கார்ப் பக்கமாகக் கொஞ்சம் உரக்க. "இந்தப் போகம் நல்ல விளைச்சல் எண்டு சொன்னனான்."

கோகுலன் சேட்டைப் போட்டுக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகவே விமலேஸ்வரி அவருக்கு ஒரு சீப்புக் கதலி கட்டிக் கொடுத்தாள்.

இருபத்தாறாம் நாள் கொழும்பிலிருந்து கியர் பொக்ஸ் வந்தது. ஏற்றிக்கொண்டு வந்த கூலி மட்டும் இவர்கள் தலையில், மிச்சம் முழுக்கக் கொம்பனி. கார் எழும்பியது, கடன் அசைந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் திரும்பி வந்தன. யோகலிங்கம் ஊரெல்லாம் சொன்ன கதையில், கார் மூன்று மாசம் தவமிருந்து தானாகவே பல்லு முளைத்து எழும்பியது.

வருசம் முடிய மஹ்றூப் மறுபடியும் தோல் பையோடு வந்தார். "இன்னொரு வருசத்துக்குப் போடுறியா? இல்லையெண்டால் நான் கட்டாயப்படுத்தேல்லை. உன்னைக் கொண்டு இழுபட எனக்கு உடம்பிலை பெலன் இல்லை."

"போடுவம்," என்றார் யோகலிங்கம். "நல்ல சாமான். வேணும். ஆனால் பத்திரத்திலை பெயரை மாத்து."

"ஆரின்ர பெயருக்கு?"

அவர் குசினிப் பக்கம் நாடியால் காட்டினார். "அவவுக்கு அந்தச் சொல் சுகமாய் வரும். நாளுக்கு நாலு தரம் என்ர கதையளுக்கே சொல்லுறா."

மஹ்றூப் சிரித்த சிரிப்பில் ராக்காயி படலைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். விமலேஸ்வரி வந்து கதிரையில் இருந்து, பத்திரத்தை வாங்கி, முதலில் பின் பக்கத்துச் சின்ன எழுத்தை வாசிக்கத் தொடங்கினாள். யோகலிங்கம் வாளியோடு முற்றத்துக்குப் போய், ஒரு எழுத்தும் காதில் விழாமல் சத்தமாய்த் தண்ணீர் ஊற்றிக் கார் கழுவினார்.